ஆக்னஸ் ஜோக்கிம் தேசிய மலரை உருவாக்கினாரா, கண்டெடுத்தாரா? விக்கிப்பீடியாவில் அறிவியல் வரலாறு எழுதும் தொண்டூழியர்கள்

வாண்டா மிஸ் ஜோக்கிம் மலரைப் பற்றித் தொடக்கப்பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள்.

இப்போது முப்பதுகளில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் கேட்டு வளர்ந்த கதை இது: ஒருநாள் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். மூங்கில் புதருக்குள் புதிதாக ஓர் ஆர்க்கிட் பூத்திருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பூமலையில் காட்டினார். அழகான கதைதான். ஆனா அதுல அவர் செஞ்ச வேலை என்ன? நடந்தார், பார்த்தார், அவ்வளவுதான்.

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த குறிப்பு வேறு மாதிரி சொல்கிறது. அப்போது பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, லண்டன் தோட்டக்கலை இதழ் ஒன்றில் இந்தப் பூவை முதன்முதலாக விவரித்தார். ஆக்னஸ் இரண்டு வாண்டா இனங்களைக் கலந்து இந்தச் செடியை உருவாக்கினார் என்றே ரிட்லி எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து வந்த சிலர் அதைச் சந்தேகித்தார்கள். ஏதோ வண்டு செய்த மகரந்தச் சேர்க்கையாக இருக்கலாம், அவர் தற்செயலாகப் பார்த்திருப்பார் என்றார்கள். 1981இல் அது தேசிய மலரான பிறகும் குழப்பம் தொடர்ந்தது. ஆக்னஸின் குடும்ப வழிவந்தவர்களும் வரலாற்றாய்வாளர் நாடியா ரைட் போன்றோரும் பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்து வாதாடினார்கள். கடைசியில் 2016இல்தான், மலரை உருவாக்கியவர் ஆக்னஸ் என்பதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போது அவர் இறந்து 117 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியது. 'கண்டெடுத்தார்' என்றால் அவர் அதிர்ஷ்டசாலி. 'உருவாக்கினார்' என்றால் அவர் தோட்டக்கலை வல்லுநர்.

இன்று நீங்கள் கைப்பேசியில் தேடினாலும், சாட்ஜிபிடியிடம் கேட்டாலும், அந்த வினைச்சொல் பெரும்பாலும் ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. அந்த இடம் விக்கிப்பீடியா. அங்கே அதை எழுதுவது யார், எதை வைத்து எழுதுகிறார்கள் என்று பார்ப்போம்.

சம்பளம் இல்லாத வேலை

2001 ஜனவரி 15ஆம் தேதி தொடங்கிய விக்கிப்பீடியாவுக்கு 2026 ஜனவரியில் 25 வயது நிறைந்தது. 300க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். விளம்பரம் கிடையாது, எழுதுபவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உட்காருபவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் எழுதுகிறார்கள். தொண்டூழியம் என்றதும் நமக்கு முதியோர் இல்லமும் உணவு விநியோகமும்தான் ஞாபகம் வரும். இதுவும் தொண்டூழியம்தான்.

ஆனால் அதன் 25வது வயது அவ்வளவு நிம்மதியானது இல்லை. 2025 அக்டோபரில், அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு தகவலை வெளியிட்டது. மனிதர்கள் பக்கங்களைப் பார்க்கும் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்திருக்கிறது. தேடல் தளங்களே செயற்கை நுண்ணறிவை வைத்துப் பதிலைச் சுருக்கித் தந்துவிடுவதும், இளையர்கள் காணொளித் தளங்களில் தகவல் தேடுவதும் காரணம் என்றது அறக்கட்டளை.

படிக்க வருபவர்கள் குறைந்தால் என்ன, தகவல்தான் கிடைக்கிறதே என்று தோன்றலாம். தொண்டூழியர் எங்கிருந்து வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, 'அட, இது தப்பாச்சே' என்று நினைத்து 'தொகு' என்ற பொத்தானை முதல்முறையாக அழுத்தியவர்தான் அவர். பக்கத்துக்கே வராதவர் அந்தப் பொத்தானை எப்போது பார்ப்பார்?

'பாட்டி சொன்னாங்க' செல்லாது

என் கதையையே சொல்கிறேன். என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னாலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். "வெயில் ஏறிட்டா மரம் பால் குடுக்காதுடா" என்பார். சில ஆண்டுகளுக்கு முன்பு, ரப்பர் பால் வெட்டுவது பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றில் அதை ஒரு வாக்கியமாகச் சேர்த்தேன். செய்தித்துறையில் இருக்கிறேன், எழுதத் தெரியும், விஷயமும் உண்மை. அப்புறம் என்ன?

சில நிமிடங்களில் நீக்கிவிட்டார்கள். காரணம் ஒரே வரிதான்: ஆதாரம் தரப்படவில்லை.

கோபம் வந்தது. ஆனால் தவறு என்னுடையது. விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று, 'சொந்த ஆய்வு கூடாது' என்பது. உங்களுக்கு நேரில் தெரிந்ததை எழுத முடியாது. நம்பகமான நூலோ, ஆய்விதழோ, செய்தித்தாளோ ஏற்கெனவே அச்சிட்டதைத்தான் உங்கள் சொற்களில் எழுத வேண்டும், எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். நான் கொஞ்ச நாள் கழித்து நூலகத்துக்குப் போய்ப் பழைய ரப்பர் வேளாண்மைக் கையேடு ஒன்றைப் பிடித்தேன். பாட்டி சொன்ன அதே விஷயம் அதில் இருந்தது. குளிர்ச்சியான அதிகாலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக வடியும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். பக்க எண்ணோடு சேர்த்து மறுபடியும் எழுதினேன். இந்த முறை யாரும் தொடவில்லை.

அறிவியல் வரலாற்றில் ஆர்வம் உள்ள தொண்டூழியரின் வேலை முக்கால்வாசி இதுதான். எழுதும் நேரம் குறைவு, தேடும் நேரம் அதிகம். ஒரு கண்டுபிடிப்பின் தேதி ஒரு நூலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். எது முதலில் வந்தது, எது எதைப் பார்த்து எழுதியது என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஆக்னஸின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016க்கு முன்பு அந்தக் கட்டுரையை எழுத உட்காரும் ஒருவரிடம் 1893ஆம் ஆண்டின் குறிப்பும் இருக்கும், அதை மறுக்கும் பிற்கால நூல்களும் இருக்கும். 'எனக்கு ஆக்னஸ் பக்கம்தான் நியாயம்னு படுது' என்று அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பையும், எது எவ்வளவு வலுவானது என்பது தெரியும்படி வைக்கலாம். யார் எந்த ஆண்டில் சொன்னார்கள் என்று எழுதலாம். அதுக்கு மேல அனுமதி இல்லை.

இந்த விதி எனக்குப் பிடிக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற தளம் 25 ஆண்டுகள் குப்பையாகாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் இதே விதிக்கு ஒரு மோசமான பின்விளைவும் உண்டு.

நோபெல் பரிசுக்குப் பிறகு வந்த பக்கம்

2018 அக்டோபர் 2. இயற்பியலுக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்படுகிறது. பரிசு பெற்ற மூவரில் ஒருவர் கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்ட். 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கேப்பர்ட்-மேயர் ஆகியோருக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெறும் மூன்றாவது பெண். லேசர் துடிப்பை மிகக் குறுகியதாகவும் மிக வலிமையானதாகவும் ஆக்கும் முறையை 1985இல் உருவாக்கியவர்களில் ஒருவர். இன்று நடக்கும் லேசர் கண் அறுவை சிகிச்சைகளில் அந்த முறைக்குப் பங்கு உண்டு.

உலகமே அவர் பெயரைத் தேடியது. விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கமே இல்லை! அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார்ட் மூரூவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பக்கம் இருந்தது.

யாரும் முயற்சி செய்யாமல் இல்லை. அதே ஆண்டு ஒருவர் ஸ்டிரிக்லண்டைப் பற்றி வரைவு அனுப்பியிருந்தார். சரிபார்த்த தொண்டூழியர் அதை நிராகரித்தார். தந்திருந்த ஆதாரங்கள், அவர் தனிப்பக்கத்துக்குத் தகுதியானவர் என்பதைக் காட்டவில்லை என்பது காரணம். அதாவது, அவரைப் பற்றி அவருடைய சொந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் போதுமான அளவு எழுதியதாக அந்த வரைவு காட்டவில்லை. நோபெல் அறிவிப்பு வந்த அன்றே பக்கம் வந்துவிட்டது. அன்று ஆதாரத்துக்கு என்ன பஞ்சம்?

இதில் யார் குற்றவாளி? நிராகரித்த அந்தத் தொண்டூழியரை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் விதிப்படிதான் நடந்தார். அறக்கட்டளையின் அப்போதைய தலைமை நிர்வாகி கேத்தரின் மார் சொன்ன விளக்கம், உலகத்தில் இருக்கும் பாகுபாடு விக்கிப்பீடியாவில் பிரதிபலிக்கிறது என்பது. செய்தியாளர்கள் எழுதவில்லை, அதனால் ஆதாரம் இல்லை, அதனால் பக்கம் இல்லை. செய்தித் தயாரிப்பாளராக இருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. நாங்கள் பேட்டி எடுக்காமல் விட்ட ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர்?

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியலாளர் ஜெஸ் வேட் இதைத் தம் மாலை நேர வேலையாகவே எடுத்துக்கொண்டார். நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில், பெண் விஞ்ஞானிகளையும் ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகளையும் பற்றி 1,000க்கும் மேற்பட்ட பக்கங்களை எழுதியிருக்கிறார். அவர் எழுதியதும் எல்லாம் நிற்கவில்லை. 117ஆம் தனிமமான டென்னசினைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட பெர்க்கேலியத்தைச் சுத்திகரித்த குழுவில் இருந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ். அவரைப் பற்றி வேட் எழுதிய பக்கம் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2019இல் நீக்கப்பட்டது. ஆதாரங்களில் பல அவர் வேலை செய்த ஆய்வுக்கூடமே வெளியிட்டவை என்ற ஆட்சேபம் எழுந்தது. அடுத்த ஆண்டு, வேறு ஆதாரங்கள் சேர்ந்த பிறகு பக்கம் திரும்பி வந்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கங்களில் பெண்களைப் பற்றியவை இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பத்தாண்டுக்கு முன்பு அது 15 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பின்னால் பல்லாயிரம் மணி நேரத் தொண்டூழியம் இருக்கிறது.

பறவையைக் கொண்டுவந்தவர் யார்?

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே பிரச்சினை இன்னும் ஆழமானது, எனக்கு இன்னும் நெருக்கமானதும்கூட.

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருக்கலாம். 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்கியவர். இந்தத் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் சுற்றி, இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினைச் சாராமல் தாமாகவே எட்டியவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களைச் சேகரித்தார் என்று எழுதுவார்கள். தனி ஆளாவா சேகரிச்சார்?

1855இல் சரவாக்கில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த மலாய் இளைஞர் அலி. முதலில் சமையல் வேலை. பிறகு பறவைகளைச் சுடவும் தோலை உரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு, வாலஸின் தலைமை உதவியாளரானார். வாலஸின் பெயரையே தாங்கியிருக்கும் ஒரு சொர்க்கப் பறவை உண்டு. பச்சான் தீவில் 1858இல் அந்தப் பறவையை முதலில் பிடித்து வந்து வாலஸிடம் காட்டியவர் அலி. வாலஸே தம் நூலில் இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். 1862இல் ஊருக்குக் கிளம்பும் முன், சிங்கப்பூரில் அலியைப் படமும் எடுக்க வைத்தார். 1907இல் தெர்னாத்தே தீவில் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் ஒரு முதியவரைச் சந்தித்தார். அவர் தம்மை 'அலி வாலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டாராம்.

இவ்வளவு தகவல் இருந்தும் நீண்ட காலம் அலி, வாலஸின் கதையில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருந்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாய்வாளர் ஜான் வான் வைய், கெரல் டிரோஹார்னுடன் சேர்ந்து 2015இல் அலியைப் பற்றியே தனி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அது வந்த பிறகு ஒரு கலைக்களஞ்சியத் தொண்டூழியருக்கு நிலைமை மாறிவிடுகிறது. இங்கொரு வரி, அங்கொரு வரியாகக் கிடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்த ஒரு நம்பகமான ஆய்வு கையில் இருக்கிறது. அதை வைத்து எழுதலாம், எழுதியதைக் காப்பாற்றவும் முடியும்.

அலிக்காவது ஒரு பெயரும் படமும் மிஞ்சியது.

மறுபடி ரிட்லியிடம் போவோம். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையைத் திணித்துத் திணித்துக் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. 2015இல் பூமலை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானதற்கு அந்த ரப்பர் ஆய்வும் ஒரு காரணம்.

அந்த வெட்டுமுறையை ஒவ்வொரு விடியற்காலையும் கோடிக்கணக்கான மரங்களில் செய்து காட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எந்த மரத்துக்கு எத்தனை நாள் ஓய்வு தர வேண்டும், மழை வந்தால் மங்கை என்ன செய்வது என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. அதை யார் எழுதி வைத்தார்கள்? தோட்ட நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் கூலி எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். என் பாட்டியின் வாக்கியத்துக்கு ஆதாரமாக நான் காட்டிய கையேட்டை எழுதியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

அதனால் விக்கிப்பீடியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வேலை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. வாய்மொழி வரலாறு பதிவாக வேண்டும். அதை வைத்து ஒருவர் ஆய்வோ நூலோ எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் கலைக்களஞ்சியம். நீங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறோ அறிவியலோ படிப்பவராக இருந்தால், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், சும்மா சொல்லி வைக்கிறேன்.

வட்டமடிக்கும் பொய்

ஆதாரம் கேட்கும் விதி எப்போதும் ஜெயிக்குமா? இல்லை. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர், கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் பக்கத்தில் விளையாட்டாக ஒரு பட்டப்பெயரைச் சேர்த்தார்: 'பிரேசில் ஆர்ட்வார்க்'. அப்படி ஒரு பெயரே கிடையாது. யாரும் கவனிக்கவில்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் விக்கிப்பீடியாவைப் பார்த்து அந்தப் பெயரைப் பயன்படுத்தின. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் ஏறியது. பிறகு அதே செய்திகள் விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்டப்பட்டன! 2014இல் ஓர் இதழ் இதை அம்பலப்படுத்தும்வரை ஆறு ஆண்டுகள் ஓடியது.

அப்போது அந்த வட்டத்தைச் சுற்றிவர ஆண்டுகள் தேவைப்பட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவு விக்கிப்பீடியாவைப் படித்துப் பதில் எழுதுகிறது. அந்தப் பதிலை எடுத்து யாரோ கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரை ஆதாரமாகிறது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவே எழுதிய கட்டுரைகளும் விக்கிப்பீடியாவுக்குள் வந்து குவிகின்றன. இல்லாத நூல்களையும் இருப்பதுபோல் அடுக்கிவிடுகிறது. சிலர் அது தந்த முன்னுரையைக்கூட நீக்காமல் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். 'நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்று! 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா, மனிதர் சரிபார்க்காத இத்தகைய கட்டுரைகளை நீண்ட விவாதம் இல்லாமல் உடனே நீக்கலாம் என்று விதி கொண்டுவந்தது.

அறிவியல் வரலாறு இதில் எளிதாக அடிபடும். 'யார் முதலில் கண்டுபிடித்தார்' என்ற கேள்விக்கு இயந்திரம் எப்போதும் நம்பிக்கையோடு ஒரு பெயரைச் சொல்லும். உண்மையில் பல கண்டுபிடிப்புகளுக்கு மூன்று பெயர்களும் ஒரு சண்டையும் இருக்கும். அந்தச் சண்டையைப் பொறுமையாகப் பிரித்து எழுத, மூல நூலைத் திறந்து பக்கத்தைப் பார்க்கும் ஒரு மனிதர் தேவை.

ஒட்சிசனா, ஆக்சிஜனா?

இரு மொழி தெரிந்த உங்களுக்கு இங்கே ஒரு தனி இடம் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்கத்துக்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர், அந்தப் பணிக்காக இயல் விருது பெற்றவர். 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

அதன் பேச்சுப் பக்கங்களைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அறிவியலைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சண்டை, எந்தத் தமிழில் என்பதுதான். இலங்கையில் பௌதிகவியல், தமிழ்நாட்டில் இயற்பியல். அங்கே இரசாயனவியல், இங்கே வேதியியல். இலங்கை மாணவர் 'ஒட்சிசன்' என்று படித்திருப்பார், தமிழ்நாட்டு மாணவர் 'ஆக்சிஜன்' என்று. சிங்கப்பூர், மலேசிய மாணவருக்கு இரண்டுமே புதுசு, ஏன்னா அவர் அறிவியலைத் தமிழில் படித்ததே குறைவு. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஒருவர் ஒரு சொல்லை எழுத, மற்றவர் மாற்ற, மூன்றாமவர் வந்து சமாதானம் செய்து வைப்பார். சில சமயம் பதினைந்து ஆண்டுக்கு முன்பு நடந்த வாக்குவாதம் இன்னும் அப்படியே அந்தப் பக்கத்தில் இருக்கும்.

ஆனால் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை மொழிபெயர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்க இன்று இயந்திரமே இருக்கிறது, நல்லதோ கெட்டதோ. எதிர்த்திசையில்தான் ஆள் குறைவு. ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிப்படி ஆதாரம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தமிழ் நாளிதழோ, தமிழ் நூலோ நம்பகமானதாக இருந்தால் செல்லும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் இருக்கின்றன. இந்த ஊரில் தமிழ் மருத்துவர்களும் ஆசிரியர்களும் ஆய்வுக்கூட ஊழியர்களும் என்ன செய்தார்கள் என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதாமல் விட்டதை, அவற்றில் யாராவது எழுதியிருக்கலாம். லண்டனில் இருக்கும் தொண்டூழியரால் அதைப் படிக்க முடியாது. நீங்கள் படிப்பீர்கள்.

தொடங்கணும்னா?

கணக்கு இலவசம், உண்மைப் பெயரைத் தர வேண்டியதில்லை. எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாளும், 10 திருத்தங்களும் ஆனால்தான் நேரடியாகப் புதுப் பக்கம் உருவாக்க முடியும். அதற்கு முன் வரைவாகத்தான் அனுப்பலாம். ஆதாரம் தேவை என்ற குறிப்புத் தொங்கும் ஒரு வாக்கியத்தைப் பிடித்து, அதற்கு ஒரு நூலைத் தேடிக் கொடுப்பது நல்ல முதல் வேலை.

சில விஷயங்களில் கவனம் தேவை. உங்களைப் பற்றியோ, உங்கள் பேராசிரியர், குடும்பத்தார், வேலையிடம் பற்றியோ எழுதாதீர்கள். அது நலன் முரண்பாடு. நூலிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள், காப்புரிமை மீறலாகும். யாராவது நீங்கள் எழுதியதை நீக்கினால் உடனே திரும்பப் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மாற்றங்களைத் திருப்பினால் கணக்கைத் தற்காலிகமாக முடக்கலாம். பேச்சுப் பக்கத்தில் போய் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டபோது அந்தத் தொண்டூழியர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'வரலாறு' என்று ஓர் இணைப்பு இருக்கும். யார், எந்தத் தேதியில், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று முதல் நாளிலிருந்து காட்டும். நமது தேசிய மலரின் பக்கத்தில் அதைத் திறந்து, 2016க்கு முன்னும் பின்னும் அந்த வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள்.